காதில் சொருகிய சிவப்புப் பென்சில்

பொய் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு உலகத்தில் இரண்டே எதிரிகள்தான். ஒன்று ஞாபகமறதி. இன்னொன்று, எங்கள் பட்டறையில் வேலை பார்த்த பாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் திண்டுக்கல் ரோட்டோரம் என் மாமனாருக்கு வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. பஸ்ஸும் வேனும் வெறும் எலும்புக்கூடாக வந்து நிற்கும். தகரம், மரம், கண்ணாடி, சீட்டு எல்லாம் போட்டு ஆளாக்கி அனுப்புவோம். 'அனுப்புவோம்' என்று என்னையும் சேர்த்துச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். நான் பார்த்த வேலை, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போனை எடுத்து, "இன்னும் ரெண்டே நாள்ணே, ரெடியாயிரும்" என்று சொல்வது. வீட்டு மருமகன் என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் நான் 'மாப்ள'. வேலை தெரியாத ஒருவனை மரியாதை குறையாமல் கூப்பிட இதைவிடத் தோதான சொல் தமிழில் கிடையாது.

பாய்க்குக் காஜிமார் தெருப் பக்கம் வீடு. வண்டியின் உள்வேலை முழுக்க அவர் கைதான். பலகை அடிப்பது, சீட்டுப் பெட்டி செய்வது, மைக்கா ஒட்டுவது. ஒல்லி ஆள். கட்டம் போட்ட கைலி, முண்டா பனியன், வலது காதில் ஒரு சிவப்புப் பென்சில். தச்சுப் பென்சில் இல்லை அது. கண்ணாடிக் கடையில் கோடு போட வைத்திருப்பார்களே, அந்த மெழுகுப் பென்சில். மரம், தகரம், மைக்கா, எதன் மேலும் எழுதும்.

ஒரு வேலை முடிந்ததும் மற்றவர்கள் கை கழுவப் போவார்கள். பாய் அப்போதுதான் காதிலிருந்து பென்சிலை எடுப்பார். தான் செய்ததையே எவனோ எதிராளி செய்தது மாதிரி முறைத்துக்கொண்டு சுற்றி வருவார். மைக்கா மேல் நாலணாக் காசால் தட்டிக்கொண்டே போவார். பசை பிடித்த இடம் ஒரு மாதிரி கேட்கும், பிடிக்காத இடம் பொக்கென்று கேட்கும். பொக்கென்ற இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். சட்டம் ஒரு நூல் விலகியிருந்தால் ஒரு வட்டம். திருத்த முடிந்ததைத் திருத்துவார். முடியாததை வட்டத்தோடு அப்படியே விட்டுவிடுவார். வண்டிக்காரர் வந்து கண்ணால் பார்க்கிற வரைக்கும் அதை எவனும் துடைக்கக் கூடாது.

"ஏன் பாய், நாமளே போய் நம்மளக் காட்டிக் குடுக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம குறைய நாம சொன்னா அது சேதி மாப்ள. அவுக கண்டுபிடிச்சா அது சண்டை" என்றார்.

நான் சேர்ந்த புதிதில் வாடிப்பட்டிக்காரர் ஒருவர் தன் புது பஸ்ஸை எடுக்க மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய் சகிதம் வந்தார். உள்ளே ஒன்பது இடத்தில் வட்டம். அவர் ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார், முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் என்னிடம் வந்து, "திருஷ்டிப் பொட்டெல்லாம் வச்சு அனுப்புறியளே, நல்ல பழக்கம். டிரைவர் சீட்டுக்கிட்ட மட்டும் ஒண்ணையும் காணோம். அங்கயும் ஒண்ணு வச்சு விடுங்க" என்றார்.

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். பாய் விடவில்லை. "அங்க குறை ஒண்ணும் இல்லண்ணே" என்று ஆரம்பித்து, ஒன்பதுக்கும் நிறுத்தி நிதானமாக விளக்கம் சொல்லிவிட்டார். நான் டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். வாடிப்பட்டிக்காரர் பாயோடு உட்கார்ந்து அடுத்த பஸ்ஸுக்கு எந்தக் கலர் மைக்கா என்று பேசிக்கொண்டிருந்தார்.

வேலையில்தான் இப்படி என்றால் வீட்டிலும் அப்படித்தான். அவர் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, ஆளுக்கு ஆள் பெண்ணைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் பாய் தொண்டையைச் செருமியிருக்கிறார். "புள்ள நல்ல புள்ள. ஆனா காலையில எட்டு மணி வரைக்கும் யார் பேசினாலும் கடிச்சு வச்சிரும். பின்னாடி சொல்லலைன்னு சொல்லக் கூடாது" என்றாராம். மாப்பிள்ளையின் அம்மாதான் சிரித்துவிட்டு, "எங்க பய ஒம்பது மணிக்கு முன்னாடி எந்திரிச்சதே இல்ல. ரெண்டும் பார்த்துக்கிறப்ப எல்லாம் சரியாயிருக்கும்" என்றாராம். நிக்காஹ் முடிந்து விருந்துக்குப் போனபோது அந்தப் பெண் என் மனைவியிடம் சொன்னது: "எங்கத்தா எம் மேலயும் வட்டம் போட்டுத்தான் அனுப்பி வச்சிருக்காரு அக்கா."

இந்த மனிதரை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வேன் வேலையை எடுத்தேன்.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் பஞ்சு மில் வைத்திருந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுத்தாக வேண்டும். அதனால் வீட்டை விட்டு எங்கும் போனதே இல்லை. ஒரே மகன் அமெரிக்காவில். போய் ஆறு வருஷம், ஒருமுறைகூட வரவில்லை. அவன்தான் யோசனை சொல்லி ஒரு பத்திரிகையை அனுப்பியிருந்தான். அதில் வெள்ளைக்காரன் வீடு மாதிரி ஒரு வண்டி. ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நடுவே சாப்பாட்டு மேசை. மேசையைக் கீழே இறக்கினால் இரண்டு பெஞ்சோடும் சேர்ந்து கட்டில் ஆகிவிடும்.

"இந்த மாதிரி செஞ்சிருக்கியளா தம்பி?" என்று மில்காரர் கேட்டார்.

"மூணு வண்டி பண்ணியிருக்கோம்யா."

"இதுதாங்க மொத வண்டி" என்று பின்னாலிருந்து பாயின் குரல் கேட்டது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "அப்ப இவரு செய்யட்டும்" என்றார்.

மகன் படத்தோடு நிற்கவில்லை. அவன் வேலை பார்த்தது சமையலறை மேடை செய்யும் கம்பெனியில். அந்த மேடைக்குப் போடுகிற பலகை ஒன்றையும் மரப்பெட்டியில் கட்டிக் கப்பலில் அனுப்பியிருந்தான். பால் வெள்ளை. கல் மாதிரி கனம், ஆனால் கல் இல்லை. மரம் மாதிரி அறுக்கலாம், இழைக்கலாம். எண்ணெய், மஞ்சள், எதுவும் உள்ளே இறங்காது. நாலடி நீளம், முப்பது அங்குல அகலம். மதுரை ஜில்லாவிலேயே அந்த மாதிரி இன்னொரு துண்டு கிடையாது. அந்த அம்மா பெட்டியைத் திறந்து காட்டும்போது பலகையைத் தடவிக்கொண்டே, "எம் மகன் கையால கட்டி அனுப்பினது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

பாய் பத்திரிகைப் படத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் புருஷன் பெண்டாட்டி இருவரையும் பட்டறைக்கு வரவழைத்தார். இரண்டு டிரம் மேல் ஒரு பலகையைப் போட்டு, எதிரெதிரே உட்கார வைத்து, வாழை இலை விரித்து முழுச் சாப்பாடு போட்டார். சாம்பார், ரசம், மோர், அப்பளம் வரைக்கும். ஒரு கௌரவமான மில் முதலாளியைத் தகர டிரம் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போடுகிறாரே என்று நான் வெட்கத்தில் நெளிந்துகொண்டிருந்தேன். பாய் குனிந்து, இலை முடிகிற இடம், முழங்கை வருகிற இடம், பெரியவர் ஒரு காலை மடித்து உட்கார்ந்தபோது முட்டி இடிக்கிற இடம் என்று சிவப்புக் கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். அளவை எங்கும் எழுதி வைக்கவில்லை. நேராக வேனுக்குள் போய் இரண்டு பெஞ்சையும் அடித்து முடித்தார். அதற்குத் தேக்கு நிற மைக்கா ஒட்டிய அழகு இருக்கிறதே, காசால் தட்டிப் பார்த்ததில் இரண்டே வட்டம்தான் விழுந்தது.

சனிக்கிழமை வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் ஜும்மாவுக்குப் போனார். போன பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "தம்பி, நாளைக்கு ஒரு சோலி இருக்கு. இன்னைக்குச் சாயந்திரம் நாலு மணிக்கே வாரோம்." நானும் வாய் கூசாமல், "தாராளமா வாங்கய்யா, மேசை ரெடி" என்று சொல்லிவிட்டேன்.

மேசை, பெட்டியை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.

பயம் வந்தால் சிலருக்குக் கை கால் ஓடாது. எனக்கு ஓடும். அதுதான் சிக்கல். பத்திரிகையைப் பிரித்தேன். மேசை அகலம் இருபத்திநாலு அங்குலம் என்று அச்சில் போட்டிருந்தது. அச்சில் வந்துவிட்டால் நம்பிவிடுகிற ஆள் நான். பாய் பெஞ்சுகளுக்கு நடுவே எவ்வளவு விட்டிருக்கிறார் என்று எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. பலகையை வெளியே எடுத்தேன், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன், பாயின் ரம்பத்தை எடுத்து அறுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நேராகத்தான் அறுத்தேன். என் ஆயுசில் நேராக அறுத்த ஒரே பொருள் அதுதான்.

இரண்டு பேரைக் கூப்பிட்டு வேனுக்குள் தூக்கிக்கொண்டு போய், கட்டில் ஆக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். இரு பக்கமும் பாய் அடித்திருந்த சட்டத்தில் உட்கார வேண்டிய மேசை, உட்காரவில்லை. நடுவே நழுவி, என் கால் கட்டைவிரலுக்கு ஒரு நூல் தள்ளித் தரையில் விழுந்தது. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கண் இருட்டியது.

வெள்ளைக்காரன் தட்டில் சாப்பிடுகிறான். தட்டு ஒரு சாண். இவர்கள் இலையில் சாப்பிடுகிறவர்கள். எதிரெதிரே இரண்டு இலை விரிக்க முப்பது அங்குலம் முழுசாக வேண்டும். அந்தப் பலகை அறுக்கவே வேண்டாத பலகை.

பாய் இரண்டு மணிக்குத் திரும்பியபோது நான் கையில் ஆறு அங்குலத் துண்டை, செத்த பாம்பைப் பிடித்திருப்பவன் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் துண்டைப் பார்த்தார். ரம்பத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"பெட்டிக்குள்ள ரெண்டு டியூப் இருந்துச்சே மாப்ள, இதை ஒட்டுற பசை. அது எங்க?"

அங்கேதான் என் மானம் மொத்தமாகப் போனது. இரண்டு நாளுக்கு முன் செருப்பு வார் பிய்ந்திருந்தது. நல்ல அமெரிக்கப் பசையாக இருக்கிறதே என்று இரண்டையும் பிதுக்கி ஒட்டியிருந்தேன். பேசாமல் காலைக் காட்டினேன்.

பாய் செருப்பை இழுத்துப் பார்த்தார். "நல்லா பிடிச்சிருக்கு" என்றார். கிண்டலா இல்லையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

"பாய், ஒரு வழி இருக்கு" என்றேன். எனக்கு எப்போதும் ஒரு வழி இருக்கும். "கப்பல்ல வரும்போதே உடைஞ்சு வந்துச்சுன்னு சொல்லிருவோம். பெட்டியத் தொறந்தப்பவே ரெண்டாக் கெடந்துச்சுன்னு..."

பாய் நிமிர்ந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் உயரவில்லை. "அந்தம்மா அதைத் தொறந்து காட்டினப்ப நீங்களும்தான நின்னிய? ஆறு வருசமா வராத பிள்ள. அனுப்பின சாமானையும் ஒழுங்காக் கட்டத் தெரியலைன்னு பெத்தவகிட்டச் சொல்லப் போறியளா? உங்க தப்புக்கு அந்தப் பய மேல வட்டம் போடுவியளா?"

எனக்குத் தெரிந்து ஒரு நல்ல பொய்யைப் பாதியில் விட்டது அதுவே முதல் தடவை.

அடுத்த இரண்டு மணி நேரம் பாய் செய்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தேக்குச் சட்டத்தில் ஒரு கட்டு கட்டி, அதன் மேல் கனமான பிளைவுட், அதன் மேல் ரப்பர் பசை. வெள்ளைப் பலகையை ஒரு பக்கமும், துண்டை அதற்குத் தக்கபடி இழைத்து மறுபக்கமும் வைத்து, நடுவே விரல் அகலத்துக்கு ஒரு தேக்குச் சட்டம். ஒட்டை மறைக்க அவர் பார்க்கவே இல்லை. "அம்மா இதுமேல படுக்கப் போறாங்க. எங்க ஒட்டு இருக்குன்னு படுக்கிறவுகளுக்குத் தெரியணும்" என்றார். கிளாம்ப் போட்டு இறுக்கினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒட்டின் மேல், ஒரு தோசை அளவுக்கு, வட்டம் போட்டார். அவ்வளவு பெரிய வட்டத்தை அவர் அதற்கு முன் போட்டதில்லை.

நாலு மணிக்குக் கார் வந்தது.

அந்த அம்மா பெரியவரின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வேனுக்குள் ஏறினார். பெஞ்சில் உட்கார்ந்தார். கிளாம்ப் மாட்டிய மேசையைப் பார்த்தார். சிவப்பு வட்டத்தைப் பார்த்தார்.

பாய் சொன்னார்: "அம்மா, பலகைய ரெண்டா அறுத்தாச்சு. அறுக்க வேண்டியதே இல்ல. அளவு எந் தலையிலயே இருந்துச்சு, யார்கிட்டயும் சொல்லாமப் போயிட்டேன். ரம்பத்தையும் வெளிய போட்டுட்டுப் போயிட்டேன். அது எந் தப்பு."

அதோடு நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நடுவில் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். அவர் என்னைக் கை காட்டியிருந்தால் நான் நூறு சமாதானம் சொல்லியிருப்பேன். அந்த மிச்சம் அங்கேயே கிடந்தது. வேனுக்குள் புழுக்கம் வேறு.

"நாந்தாம்மா அறுத்தேன்" என்றேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பத்திரிகை அளவைச் சொன்னேன், போனில் சொன்ன பொய்யைச் சொன்னேன், மூணு வண்டி பொய்யைச் சொன்னேன், பசையைச் சொன்னேன், யாரும் கேட்காமலே செருப்பைக் கழற்றிக் காட்டினேன்.

"ஒட்டிச்சா?" என்றார் அந்த அம்மா.

"ஒட்டிச்சும்மா."

அவர் தேக்குச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த துண்டை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பெரியவரிடம், "அந்த நீல லெட்டர் ஒண்ணு குடுங்க" என்றார். வெளிநாட்டுக்கு எழுதும் நீலத் தபால்தாள் பெரியவர் பையில் எப்போதும் இருக்கும். அதை என் முன்னால் தள்ளினார்.

"எழுது. எம் மகனுக்கு எழுதறது எப்பவும் இவருதான். இவரு 'இங்கு எல்லாரும் நலம்'னுதான் எழுதுவாரு. நீ எழுது: 'நீ அனுப்பின பலகைய வெட்டிப்புட்டாங்க. எனக்கு ரொம்பக் கோவம்.'"

'அம்மாவுக்குச் சற்று வருத்தம்' என்று எழுதினேன். தோளுக்கு மேலிருந்து பாய் குனிந்தார். "மாப்ள, அம்மா கோவம்னு சொன்னாங்க." அடித்துவிட்டுத் திருத்தினேன்.

"இடுப்பு இன்னும் வலிக்குதுன்னு எழுது. அப்பாவுக்குக் கண்ணு மங்குது, கேட்டா ஒத்துக்க மாட்டேங்குறாருன்னு எழுது."

பெரியவர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒன்றும் இல்லை.

"ஒட்டுற பசை தீந்து போச்சு. தபால்ல அனுப்பாத. நீயே கொண்டுக்கிட்டு வான்னு எழுது."

எழுதினேன். தபாலில் சேர்க்கிறேன் என்று மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். பாய் கையை நீட்டினார். அவரே பஸ் ஏறி மதுரை ஜங்ஷன் தபாலாபீசில் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் கிளாம்பைக் கழற்றி, மேசையை இறக்கிக் கட்டிலாக்கினோம். பட்டறையிலேயே கனமான ஆள் யார் என்று பாய் சுற்றிப் பார்த்தார். பார்க்கவே வேண்டியதில்லை. என்னை அதன் மேல் படுக்க வைத்து, வாடிப்பட்டி வரைக்கும் குண்டும் குழியுமாகப் பார்த்து ஓட்டச் சொன்னார். "உடைஞ்சா உங்க முதுகோட போகட்டும் மாப்ள, அந்தம்மா இடுப்பு வேணாம்." ஒவ்வொரு குழிக்கும் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பாய் தரையில் குந்தி உட்கார்ந்து, காதைத் தேக்குச் சட்டத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒட்டு முனகவில்லை. நான் முனகியதற்கு அவர் கணக்கில் வட்டம் இல்லை.

மறு வருஷம் ஆனியில் ஒருநாள் காலை அந்த வேன் பட்டறை வாசலில் வந்து நின்றது. ராமேஸ்வரம் போகிறார்களாம், பாயைப் பார்க்கவென்று இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த அம்மா ஜன்னலோரம் இருந்தார். எதிர்ப் பெஞ்சில், ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு, அப்பா ஜாடையில் ஒரு பையன். மேசையில் விரித்த இலையில் நாலைந்து இட்லி மிச்சம் இருந்தது.

பாய் ஏறினார். முதலில் ஒட்டைத் தடவிப் பார்த்தார், காசால் தட்டிப் பார்த்தார். அப்புறம்தான் ஆளைப் பார்த்தார். "பசை கொண்டாந்தியளா தம்பி?"

பையன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயையோ! அம்மா, எடுத்து வச்சேன், கிளம்புற அவசரத்துல..."

"பசையா?" என்றார் அந்த அம்மா, அவன் இலையில் இன்னொரு இட்லியை வைத்தபடி. "யாருடா கேட்டா பசைய? நான் கேட்கவே இல்லையே."

பாய் வாயைத் திறந்தார். கடிதத்தை ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு, தன் கையால் தபாலில் போட்டவர் அவர். கை தானாகக் காதுக்குப் போனது.

போன கை, பென்சிலைத் தொடாமல், காதை லேசாகச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது.